பேர் தெரியாத பந்தயக் கார்

அந்தக் காலத்தில் அமீர் ஹம்சாவைப் பார்க்க வேண்டுமென்றால் வில்லியனூரில் அவர் வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. செவ்வாய்க்கிழமையானால் மதகடிப்பட்டுச் சந்தையில் மாடுகளுக்கு நடுவே தேட வேண்டும். மற்ற நாட்களில் காட்டேரிக்குப்பம், செல்லிப்பட்டு, பாகூர் என்று எந்த ஊரில் எவன் மாடு விற்கிறானோ அந்த ஊரில் இருப்பார். மாட்டுத் தரகு அவர் தொழில். பதினாறு வயதில் ஆரம்பித்தது. பல்லைப் பிடித்துப் பார்க்காமலே மாட்டின் வயதைச் சொல்லுவார். அதெல்லாம் புளுகு என்று சொன்னவர்கள், பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

முப்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அவருக்குப் போதாத காலம் வந்தது. திண்டிவனம் பக்கத்துத் தரகர் ஒருவரிடம் ஒரு காளையைப் பார்த்தார். நல்ல நிறம், நல்ல திமில், விலையும் படிந்தது. மூக்கணாங்கயிற்றைக் கையில் வாங்கிய மூன்றாவது நிமிஷம் அது பின்னங்காலால் விட்ட உதையில் ஹம்சாவின் வலது கணுக்கால் திரும்பிக்கொண்டது. "உதைக்கிற மாடுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார். "நீ கேக்கலியே, அதான் சொல்லல" என்றார் அந்தத் தரகர்.

சந்தையின் சட்டம் அதுதான். கேட்டதை மறைக்கக் கூடாது, கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. ஹம்சாவும் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் இருபத்திரண்டு வருஷம் பிழைத்திருந்தார். அதனால் பதிலுக்குத் திட்டக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அரை மைல் நடந்தால் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிடும். ஊர் ஊராக நடக்க முடியாத மாட்டுத் தரகருக்கு யார் தரகு கொடுப்பார்கள்? அவர் மனைவி ரஹீமாவின் அண்ணன் ஷரீப் வில்லியனூரிலேயே மளிகைக் கடை வைத்திருந்தார். "மச்சான், கடையில வந்து குந்துங்க. புளியும் மொளகாயும் நிறுத்துப் போட்டா போதும். வூட்டுக்கு ஆவறத நான் பாத்துக்கறேன்" என்றார். தங்கமான மனிதர். அதுதான் தொந்தரவே. கெட்டவன் சோறு போட்டால் சண்டை போட்டுக்கொண்டாவது சாப்பிடலாம். நல்லவன் போட்டால் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட வேண்டும். ஹம்சாவுக்குப் பழக்கமில்லாத வேலை அது.

ஒரு வருஷத்துக்கு மேல் புளி நிறுத்தார். அப்போதுதான் அந்தோணிசாமி வந்தார்.

அந்தோணிசாமி புதுச்சேரி டவுனில் மொரேல் கம்பெனி என்ற மோட்டார்க் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. வீடு வில்லியனூர் மாதா கோயில் பக்கம். புளி வாங்க வந்தவர் புளியை மறந்துவிட்டுப் பேசினார். ஆலை எஞ்சினீர் துரை ஒருவர் ஊரோடு போகும்போது தன்னுடைய பந்தயக் காரைக் கம்பெனியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். எட்டு மாசமாக விலை போகவில்லை.

"மாட்டு வாலப் புடிச்சே வித்தவன் நீ. இதயும் வித்துக் குடேன்" என்றார் அந்தோணிசாமி. "வித்துட்டேன்னு வச்சிக்க, வில்லியனூர், பாகூர் ரெண்டு கொம்யூனு கிராமத்துக்கும் நீதான் கம்பெனி ஏஜெண்டு. துரைகிட்ட பேசிட்டேன். ஆனா மாசி முடியறதுக்குள்ள விக்கணும். இல்லன்னா கப்பல்ல ஏத்தி சைகோனுக்கு அனுப்பிடுவாங்க."

ஹம்சா அன்றைக்கே தராசைக் கீழே வைத்தார். ஏஜெண்டு ஆகிவிட்டால் நடக்க வேண்டியதில்லை. வண்டியிலேயே ஊர் ஊராகப் போகலாம். பழைய ஹம்சாவாகலாம்.

கம்பெனி மெக்கானிக்கிடம் ஒரு மாசம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கோணல் கணுக்கால் பிரேக்கை மிதிக்கத் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. கார் இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார். நீல நிறம், மேலே கூரை கிடையாது. எடை குறைவு, எஞ்சின் முரடு. மிதித்தால் முதுகு சாய்மானத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முள் நூறு கிலோமீட்டரைத் தொட்டதை மூலக்குளம் ரோட்டில் ஹம்சாவே பார்த்தார். பார்த்துவிட்டு பிஸ்மில்லா சொல்லிக் காலை எடுத்தார்.

இத்தனை இருந்தும் ஏன் விலை போகவில்லை? பேர்தான் காரணம். அது பெரிவால் என்ற கம்பெனியின் கார். அந்தப் பேரைப் புதுச்சேரியில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. பந்தயக் கார் என்றால் மொந்தார்தான். செல்லிப்பட்டில் சிவப்பிரகாசம் ஒரு மொந்தார் வைத்திருந்தார். வெள்ளைத் துணி போர்த்திக் கொட்டகையில் நிற்கும். பொங்கலுக்கு ஒரு தரம், பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலாம் தேதிக் கொண்டாட்டத்துக்கு ஒரு தரம் வெளியே வரும். அதைப் பார்க்க மூன்று ஊர் கூடும். கம்பெனிக்கு வந்த பெரிய மனிதர்களும் அப்படித்தான். நீலக் காரைச் சுற்றி வருவார்கள், முகரையில் எழுதியிருக்கும் பேரைப் படிப்பார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டு என்று ஒரு ஆளாவது கேட்டிருப்பானா? காங்கேயம் காளை என்று சொன்னாலும் ஏரில் பூட்டிப் பார்க்காமல் வாங்காத ஜனங்கள், காரென்றால் மட்டும் பேரைத் தடவிப் பார்த்தே சொக்கிப்போனார்கள். இதை நினைத்தால் ஹம்சாவுக்கு எரிச்சலாக வரும்.

பாகூரில் சிங்காரவேலு என்ற பெரிய கரும்பு விவசாயிக்குப் பந்தயக் கார் ஆசை இருப்பதாகச் சேதி வந்தது. ஹம்சா உடனே ஆள் அனுப்பினார். 'வெள்ளைக்காரன் ஓட்டின பந்தயக் கார் கொண்டுவருகிறேன்' என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பேரைச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்பது தரகுப் பழக்கம்.

புறப்படுகிற அன்று காலையில் அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். சந்தைக்கு ஓட்டும் மாட்டுக்குக் கொம்பிலும் தோலிலும் விளக்கெண்ணெய் தடவுவது வழக்கம். வெயிலில் மினுமினுவென்று மின்னும், விலை ஏறும். ஹம்சா ஒரு படி விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கார் முழுக்கத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இன்னாங்க இது?" என்றாள் ரஹீமா. "இது இன்னா மாடா? இரும்புக்குப் போயி எண்ண தேச்சினு இருக்கீங்க?"

"பளபளப்பு இருந்தா பாதி பேரம் முடிஞ்ச மாதிரி, ரஹீமா. உனக்கு வியாபாரம் தெரியாது."

"எண்ணயப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாசி மாதம், மழை பெய்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. மங்கலம் வழியாகப் பாகூர் போகிற சாலையில் செம்மண் புழுதி முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. நடுவே இங்கிலீஷ்காரன் எல்லையில் கொஞ்ச தூரம், மறுபடியும் பிரெஞ்சு எல்லையில் கொஞ்ச தூரம். புழுதிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. எண்ணெய் பூசிய காரில் அத்தனையும் அப்பிக்கொண்டது. பாகூரில் சிங்காரவேலு வீட்டு முன்னால் போய் நின்றபோது நீலக் காரைக் காணோம். சுடாத பானை மாதிரி ஒரு மண் உருவம் நின்றது. ஹம்சாவின் தாடியும் செம்மண். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ரஹீமா சொன்னது காதில் ஒலித்தது.

சிங்காரவேலு சிரிக்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். நாற்பது வயது, கனத்த உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை.

"எத்தினி மணிக்கு வில்லியனூர வுட்ட?"

"இப்பதாங்க ஐயா. தொழுதுட்டு, நாஷ்டா பண்ணிட்டு, ஏழு மணிக்கு எடுத்தேன்."

சிங்காரவேலு இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஏழரை ஆகவில்லை. "வில் வண்டிய பூட்டினா எனக்கு அரை நாளு ஆவுது" என்றார். "சரி, ரோட்டுல எல்லாந்தான் ஓடும். என் கரும்புக் கொல்ல சோரியாங்குப்பத்துல, ஆத்தோரம். அங்க மணல்ல ஓடுமா?"

"குந்துங்க ஐயா" என்றார் ஹம்சா.

சோரியாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம் பெண்ணையாற்று மணல் கொட்டிக் கிடக்கும். இரட்டை மாட்டு வண்டியே முக்கி முனகும் இடம். ஹம்சா மணலுக்கு முன்பே வேகத்தை ஏற்றினார். இறங்கியதும் காலைத் தளர்த்தவில்லை. மெல்லிய கார், முரட்டு எஞ்சின். பின்சக்கரம் இரண்டு பக்கமும் மணலை வாரி வீச, ஒரு தரம் குறுக்கே வழுக்கி, மறுபடி நிமிர்ந்து, அக்கரை மேட்டில் ஏறி நின்றது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு ஓடிவந்து பார்த்தார்கள். சிங்காரவேலுவின் மேல்துண்டு எங்கேயோ பறந்துபோயிருந்தது. அதைத் தேடக்கூட நினைக்காமல், "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். மூன்று வாட்டி ஓட்டினார்கள்.

பாகூருக்குத் திரும்பியதும் சிங்காரவேலு கூட்டத்தைப் பார்த்து மார்பைத் தட்டினார். "பாத்துக்குங்கடா! மொந்தார்னா மொந்தார்தான்! செல்லிப்பட்டுக்காரரு மட்டுந்தான் வச்சிருப்பாரா?"

ஹம்சாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகரையில் இருந்த பேர் மண்ணுக்குள் மூடிக் கிடந்தது. மனிதர் இதை மொந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வாய் திறப்பதற்குள் சிங்காரவேலு ஹம்சாவின் தோளிலிருந்த துண்டை இழுத்து இருவர் கை மேலும் போட்டார். மாட்டு விலையைப் பேசுகிற மாதிரியே, துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து அழுத்தினார். இத்தனை நூறு என்று விரல் சொன்னது. அது மொந்தார் விலை. கம்பெனி கேட்டதைவிட எங்கேயோ மேலே இருந்தது.

கையைப் பிடித்து அமுக்கி 'சரி' என்று சொன்னால் முடிந்தது. சந்தைச் சட்டப்படி தவறே இல்லை. சிங்காரவேலு பேரைக் கேட்கவில்லை, ஹம்சா சொல்லவில்லை. நாளைக்குக் காரைக் கழுவும்போது தெரியும். தெரிந்தால் என்ன? நீங்கள் கேட்கவில்லையே ஐயா என்று சொல்லலாம்.

அந்த நினைப்பு வந்ததும் ஹம்சாவின் கணுக்கால் வலித்தது. நிஜமாகவே வலித்தது. தரையில் கிடந்து கேட்ட வார்த்தை, தன் வாயிலேயே வரப் பார்க்கிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. ஏஜெண்டு வேலையையும் நினைத்தார், புளித் தராசையும் நினைத்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் விரலை உருவிக்கொண்டு, துண்டை எடுத்து, காரின் முகரையை அழுந்தத் துடைத்தார்.

"ஐயா, இது மொந்தார் இல்லீங்க. பெரிவால்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. சிங்காரவேலு பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சிவந்தது. "பெரிவாலா? இன்னாய்யா பேரு இது? யாரு கேள்விப்பட்டான் இத? ஊரு பூரா மொந்தார் வருதுன்னு சொல்லி வச்சிருக்கறேன், மானத்த வாங்க வந்தியா சாயபு?"

வாசற்படியில் நின்ற அவர் மனைவி தனக்கொடிக்குப் பொறுக்கவில்லை. "தொடைக்கறதுக்கு முன்னாடி பறந்துச்சு. தொடச்சதும் கெட்டுப்பூடுச்சா?" என்றாள்.

"நீ உள்ள போ!" என்றார் சிங்காரவேலு. அவள் போகவில்லை. அவர்தான் போனார்.

ஹம்சா வில்லியனூருக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நடந்ததை ரஹீமாவிடம் சொன்னார். விளக்கெண்ணெயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெந்நீர் போட்டு, சீயக்காயைக் கரைத்துக்கொண்டு வந்து, அவரோடு சேர்ந்து காரைத் தேய்க்க உட்கார்ந்தாள். மறுநாள் அவர் ஷரீப் கடையில் தராசைக் கையில் எடுத்தார். ஷரீப் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நல்ல குணம் முன்னைவிட அதிகமாக வலித்தது.

மாசி முடிய மூன்று நாள் இருக்கும்போது கடை வாசலில் ஒரு வில் வண்டி வந்து நின்றது. சிங்காரவேலு இறங்கினார். உள்ளே தனக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

"சாயபு, எழுந்து வா. டவுனுக்குப் போவணும்."

"நானு எதுக்குங்க ஐயா?"

"மொரேல் கம்பெனிக்கு ஒரு மொந்தார் கப்பல்ல வந்து எறங்கியிருக்குதாம். அந்தக் குமாஸ்தா தேன் ஒழுவப் பேசறான். எவன நம்பறது? கையில வந்த பேரத்த ஒதறிட்டு உண்மையச் சொன்னவன் நீ ஒருத்தந்தான். நீ பாத்து சொல்லு, நான் வாங்கிக்கறேன்."

ஷரீப் தராசை ஹம்சாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போயிட்டு வாங்க மச்சான்" என்றார்.

கம்பெனியில் மொந்தார் நடு ஹாலில் நின்றது. கறுப்பு நிறம். மூக்கில் வெள்ளித் தகட்டில் பேர். ஹம்சாவே ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தார், அத்தனை அழகு. அந்தோணிசாமி கதவைத் திறந்துவிட, சிங்காரவேலு ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தார். இறங்கி வந்து அந்த வெள்ளிப் பேரை விரலால் தடவினார். தடவிக்கொண்டே கேட்டார்.

"சாயபு, இது சோரியாங்குப்பத்து மணல்ல போவுமா?"

அந்தோணிசாமி ஹம்சாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மொந்தார் விற்றால் கம்பெனிக்குக் கொள்ளை லாபம். ஏஜெண்டு வேலையும் இந்தக் குமாஸ்தாவின் வாயில்தான் இருக்கிறது.

"போவாதுங்க" என்றார் ஹம்சா. "ரோட்டுல இது ராசா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா கனம் ஜாஸ்தி. மணல்ல எறங்குச்சுன்னா எருமதான், படுத்துக்கும். செல்லிப்பட்டு ஆத்துல ரெண்டு வருசம் முன்னாடி சிவப்பிரகாசம் ஐயாவோட மொந்தார் படுத்துக்கிச்சு. நாலு மாடு கட்டி இழுத்தாங்க. அந்த நாலு மாட்டையும் புடிச்சுக் குடுத்ததே நான்தான்."

"அடப்பாவி! இத யாருகிட்டயும் சொல்லலியே நீ?"

"யாரும் கேக்கலீங்க."

சிங்காரவேலு சிரிக்க ஆரம்பித்தார். வெற்றிலைச் சாறு வேட்டியில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் கை அந்த வெள்ளிப் பேரிலேயே இருந்தது. மனசில்லாமல்தான் எடுத்தார். அதைக் குற்றம் சொல்லக் கூடாது. பேர் என்பது லேசான சங்கதியா? பொங்கலன்று மூன்று ஊர் கூடி நின்று பார்க்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை விடும்? ஆனால் கரும்பு ஆற்றோரத்தில் இருக்கிறது. மூன்று வாட்டி மணலைத் தாண்டிய சந்தோஷம் உடம்பில் இருக்கிறது.

"பெரிவாலயே எடுத்துக்கறேன்" என்றார். பிறகு தயங்கி, வாசலுக்கு வந்து நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். "ஆனா இது இன்னா வண்டின்னு நாலு பேரு கேப்பானுங்களேடி. இன்னான்னு சொல்றது?"

"அமீர் ஹம்சா சாயபு குடுத்த வண்டின்னு சொல்லுங்க" என்றாள் தனக்கொடி. "அதுக்கு மேல எவன் கேப்பான்?"

ஹம்சா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தோணிசாமிக்குக் கோபம் கொஞ்ச நேரம் இருந்தது. சிங்காரவேலு போகும்போது, கரும்பு ஏற்ற ஒரு லாரி வேண்டும், அதையும் ஹம்சா பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனதும் அது இறங்கிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து பிரெஞ்சில் அச்சடித்த ஏஜெண்டுக் காகிதத்தை எடுத்து, பேனாவை மையில் தோய்த்தார். பேர் கேட்டார், எழுதினார். தகப்பனார் பேர், வயசு, ஊர் எல்லாம் எழுதினார்.

"தொழில்?" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு ஹம்சாவிடம் பதில் இருந்ததில்லை. மசூதியில் கேட்டால்கூட, மச்சான் கடையில் இருக்கிறேன் என்று முனகிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

"மோட்டார் தரகு" என்றார்.

அந்தோணிசாமி எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். யாரும் கேட்காமலே ஹம்சா இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"மோட்டார் தரகு."